முகப்பு விசிறி பொருத்தச் சொன்ன மைத்துனருக்கு

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். நலம் என்று எழுதினால் பொய். நலமில்லை என்று எழுதினால் நீங்கள் அடுத்த வண்டியைப் பிடித்து வந்து நிற்பீர்கள். ஆகவே இரண்டுக்கும் நடுவில் இருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் இன்ஜினியரான தாங்கள், என் பாய்மரப் படகுக்கு உடனே 'பௌ த்ரஸ்டர்' பொருத்தச் சொல்லி எழுதிய கடிதம் கிடைத்தது. படித்தேன், கோபம் வந்தது. டீ குடித்துவிட்டு மறுபடி படித்தேன், மறுபடியும் கோபம் வந்தது. அதனால் இந்தப் பதில்.

படகின் முகப்பில், தண்ணீருக்கு அடியில், குறுக்கே ஒரு குழாய். அதற்குள் ஒரு விசிறி. பொத்தானை அழுத்தினால் படகின் மூக்கு இடமோ வலமோ நகரும். இவ்வளவுதானே? நில அளவைத் துறையில் முப்பத்தோரு வருஷம் கோணம் பார்த்தே கண் பூத்துப்போனவன் நான். முப்பது அடிப் படகைப் படகுத்துறை மேடையோரம் கொண்டுவந்து நிறுத்த எனக்கு விசிறி வேண்டுமா? பக்கத்து இடத்தில் படகு வைத்திருக்கும் பல் டாக்டர், நாங்கள் 'அட்மிரல்' என்று கூப்பிடுகிறவர், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று இரண்டு விசிறி வைத்திருக்கிறார். அவர் கரைக்கு வந்தால் துறை முழுக்க மிக்ஸி ஓடுகிற சத்தம். அப்படியும் ஒருநாள் என் படகின் ஏணியைப் பிய்த்துக்கொண்டு போனார். "பிடுங்கியே பழகின கை சார், என்ன பண்றது?" என்றார் துறைக் காவலாளி.

பக்கவாட்டுக் காற்று அடித்தால் கஷ்டம்தான், அதை நான் மறுக்கவில்லை. வேகத்தைக் குறைத்தால் சுக்கான் செத்துவிடும், மூக்கு காற்றோடு ஓடிவிடும். வேகத்தைக் குறைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் முதல் வருஷமே பார்த்துவிட்டோம்: விளக்குக் கம்பம் ஒன்று சாய்ந்து எங்கள் வரிசைக்கே இரண்டு நாள் கரன்ட் இல்லை, அட்மிரல் மனைவியின் பூந்தொட்டிகள் நான்கு தண்ணீருக்குள் போயின, நாங்கள் தூரத்தில் வருவது தெரிந்தாலே காவலாளி எழுந்து நாற்காலியைத் தூக்கி உள்ளே வைத்துக்கொள்வார். இதையெல்லாம்விட எனக்குப் பொறுக்காதது வேறொன்று. கரைக்கு வரும் ஒவ்வொரு படகிலும் புருஷன் பெண்டாட்டி போடுகிற கூச்சல். "கயித்தப் போடு!" "எந்தக் கயிறு?" "உன் தலை!" மேடையில் இருப்பவர்களுக்கு அது தினசரி பொழுதுபோக்கு. நம் குடும்பமும் அப்படிச் சந்தி சிரிக்கக் கூடாது என்று நான் ஒரு விதி போட்டேன். படகைக் கரையில் கட்டும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. சைகை மட்டும்தான். உங்கள் தங்கை வலது கையைத் தூக்கினால் நான் நிறுத்த வேண்டும். இறக்கினால் இன்ஜின் கொடுக்க வேண்டும். ஆறு வருஷம் நாங்கள் சத்தமில்லாமல் படகைக் கட்டினோம். "சினிமால சவுண்டு போன மாதிரி இருக்கு சார்" என்று காவலாளி பாராட்டினார். எனக்கு அதில் பெருமை, ஒளிப்பானேன்?

அன்றைக்கும் முறை பிசகவில்லை. படகின் இடுப்பில் கட்டிய கயிற்றோடு அவள் மேடைக்குத் தாவி, அதை அங்குள்ள இரும்புக் கொம்பில் சுற்ற வேண்டும். நான் இன்ஜினை மெல்ல முன்னுக்குக் கொடுத்தால் கயிறு விறைத்துப் படகு தானாக மேடையோடு ஒட்டிக்கொள்ளும். இதற்கு விசிறியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். அவளும் சுற்றினாள், கையும் இறங்கியது, நானும் கொடுத்தேன். இறங்கிய கை சைகைக்காக இறங்கவில்லை, கயிற்றுக்கும் கொம்புக்கும் நடுவில் மாட்டியிருந்தது என்பது எனக்கு எப்படித் தெரியும்? தூக்க வேண்டிய கைதான் மாட்டிக்கொண்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. இத்தனை வருஷம் கத்தரிக்கோல் பிடித்து ஊருக்கெல்லாம் துணி வெட்டித் தைத்த கை. ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளைத்தான் திட்டினார். "ஏம்மா, வாய விட்டுக் கத்தியிருக்கக் கூடாதா?" அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே, "நான் கத்தல டாக்டர். அவருக்கு எப்படித் தெரியும்?" என்றாள். நீங்களும் பக்கத்தில் நின்று கேட்டீர்கள். ஆக, தப்பு படகின் மேலும் இல்லை, முறையின் மேலும் இல்லை. விதியை அவள் கொஞ்சம் அதிகமாகவே மதித்துவிட்டாள், அவ்வளவுதான்.

இப்போது அவள் எங்கள் மகள் வீட்டில் இருக்கிறாள். ஐந்து வாரம் ஆகிறது. தையல் மெஷினுக்கு உறை போட்டு வைத்திருக்கிறேன். சோறு நானே வடித்துக்கொள்கிறேன், ஒருநாள் குழைகிறது, ஒருநாள் கடிக்கிறது. போனில் கூப்பிட்டு எப்போது வருகிறாய் என்றேன். "அண்ணனுக்கு நீங்களே எழுதுங்க. எழுதினப்புறம் வர்றதா வேணாமான்னு சொல்றேன்" என்றாள். அதனால்தான் த்ரஸ்டர் விஷயத்தை இவ்வளவு விவரமாக எழுதியிருக்கிறேன். இதை அவளுக்குப் படித்துக் காட்டி, படகில் எந்தக் குறையும் இல்லை என்று நீங்கள் ஒரு வார்த்தை எடுத்துச் சொன்னால் தேவலை. நீங்கள் சொன்னால் கேட்பாள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நீரிலும் நிலத்திலும் சுகமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரர்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். அவள் கத்தினாள். "நிறுத்துங்க" என்று மூன்று தடவை. எனக்கு நன்றாகக் கேட்டது. அட்மிரல் தன் படகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் விதியை மீறுகிறாளே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. மூன்றாவது தடவை கத்தியபோதுதான் இன்ஜின் பிடியை இன்னும் முன்னால் தள்ளினேன். டாக்டரிடம் அவள் சொன்னது என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்ன பொய். உங்களுக்கு எழுதச் சொன்னது த்ரஸ்டரைப் பற்றி இல்லை என்பது அவள் போனை வைத்தபோதே எனக்குத் தெரியும். மேலே உள்ள பக்கங்களைக் கிழித்துவிடுங்கள். இதை மட்டும் அவளிடம் காட்டி, எழுதிவிட்டார் என்று சொல்லுங்கள்.