எல்லோருக்கும் ஆயிரத்து ஐந்நூறு

"மாப்பிள்ளை, உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணுமுங்க."

"சொல்லுங்க மாமா. நானும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுமுங்க."

"அப்ப நீங்க சொல்லுங்க."

"இல்லீங்க, நீங்க மொதல்ல."

பாலுசாமி சட்டையின் மேல் பொத்தானைத் தடவிக்கொண்டார். மின்விசிறியைப் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லீங்க. எங்க கேரம் கிளப்புல யாரு கெட்டிக்காரன்னு கம்ப்யூட்டர்ல கணக்குப் போட முடியுங்களா?"

ஆறு மாதத்துக்கு முன் நடந்த அந்தப் பேச்சை மிதுன் அடிக்கடி நினைத்துப் பார்ப்பான். அன்றைக்கு மரியாதை பார்க்காமல் தான் முந்திக்கொண்டிருந்தால் எல்லாம் அப்போதே முடிந்திருக்கும்.

சரவணம்பட்டி வாடகை வீட்டை, உரிமையாளரின் மகன் வருகிறான் என்று காலி செய்யச் சொன்னபோது, மிதுனும் அக்ஷயாவும் சிங்காநல்லூரில் இருந்த அவள் அப்பா வீட்டுக்கு வந்தார்கள். மூன்று மாதம் இருந்துவிட்டு வேறு வீடு பார்ப்பதாகத்தான் பேச்சு. இப்போது இரண்டு வருடம் ஆகிவிட்டது. மாமனார் வீட்டில் குறை ஒன்றுமில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. குறையிருந்தால் கிளம்பிவிடலாம். தினமும் இரண்டு பலகாரம், ஞாயிறானால் நாட்டுக்கோழி என்று கவனிக்கிறவர்களிடம் எந்த வாயால் போகிறேன் என்று சொல்வது?

"நான் சொன்னா அப்பா அழுதுபோடுவாருங்க. நீங்களே சொல்லிருங்க" என்று அக்ஷயா ஒதுங்கிக்கொண்டாள்.

அன்றைக்கு அதைச் சொல்லத்தான் அவன் போனான். கேரம் கணக்கோடு திரும்பி வந்தான். பார்த்து வைத்திருந்த வீடு வேறு யாருக்கோ போயிற்று.

கேரம் கணக்குக்காக அவன் அமைத்த கம்ப்யூட்டர் சர்வர் சின்னதுதான். சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு போர்டு, அதில் ஒரே கோப்பில் ஒரு நிரல். டிவி பக்கத்தில் வைத்தான். கிளப்பில் பன்னிரண்டு பேர். எல்லோருக்கும் ஆயிரத்து ஐந்நூறு புள்ளியில் ஆரம்பம். யார் யாரை ஜெயித்தார் என்று செல்போனிலிருந்து அனுப்பினால் ஜெயித்தவருக்கு ஏறும், தோற்றவருக்கு இறங்கும். பெரிய ஆட்டக்காரரை ஜெயித்தால் கூடுதலாக ஏறும்.

ஒரு மாதம் கழித்துப் பட்டியலைப் பார்த்த மிதுனுக்குத் தலை சுற்றியது. ஸ்ட்ரைக்கரையே குழிக்குள் தள்ளுகிற சென்னகேசவன் முதலிடம். கண்ணை மூடிக்கொண்டு காய் போடுகிற அப்துல் வஹீது கடைசி. இரண்டு நாள் நிரலை வரிவரியாக நோண்டினான். தப்பு ஒன்றும் தென்படவில்லை. கடைசியில் வஹீதையே போய்க் கேட்டான்.

"எம் பையனுக்கு மில்லுல வேலை வாங்கிக் குடுத்தவருங்க சென்னகேசவன். அவரைத் தோக்கடிக்கலாங்களா?" என்றார் அவர். "மத்தவங்களும் அப்படித்தானுங்க. ஒருத்தர் கல்யாணத்துக்கு முன்னாடி நின்னவரு, ஒருத்தர் ஆஸ்பத்திரிக்குத் தொணைக்கு வந்தவரு."

யாரும் யாரையும் ஜெயிக்க விரும்பாத கிளப்பில் திறமையை எதை வைத்து அளப்பது?

இரண்டாவது வீட்டைப் பற்றிச் சொல்ல மிதுன் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டிருந்த மாலையில் பாலுசாமி கதவோரம் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"மாப்பிள்ளை... அந்தக் கணக்குல எத்தனை பாயிண்ட்ல ஜெயிச்சாங்கன்னும் சேத்துக்கலாங்களா?"

சேர்த்தான். அதன்பின், விட்டுக்கொடுப்பது வெளியே தெரியக் கூடாதென்று எல்லோரும் ஒரே ஒரு பாயிண்டில் தோற்கப் பாடுபட்டார்கள். சிவப்புக் காயை இருவரும் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்ததில் ஓர் ஆட்டம் மூன்று மணி நேரம் ஓடியது. இரண்டாவது வீடும் கைவிட்டுப் போயிற்று.

அடுத்து, "நெம்பரை மறைச்சு வெச்சுப்போடலாங்களா?" என்று வந்தார் பாலுசாமி. மறைத்தான். மறுநாளிலிருந்து பன்னிரண்டு பேரும் அவனுக்கே போன் செய்தார்கள். ஆபீஸ் மீட்டிங் நடுவில் கிளப் செயலாளர் பாலகோபால் கூப்பிட்டு, தன் புள்ளி எண்ணை மட்டும் காதோடு காதாகச் சொல்லச் சொன்னார். சொன்னதும், சென்னகேசவனின் எண்ணைவிடக் கூடுதலாக இருந்தால் கொஞ்சம் குறைத்துவிடும்படி கேட்டுக்கொண்டார்.

மிதுனுக்கு அலுத்துவிட்டது. கணக்குப் போடும் பகுதியை முழுவதுமாக அழித்தான். யார் ஜெயித்தாலும், யார் தோற்றாலும், எல்லோருக்கும் ஆயிரத்து ஐந்நூறு என்று ஒரே வரி எழுதி வைத்தான். உலகத்திலேயே அவ்வளவு இலேசான சர்வர் இருந்திருக்காது. கிளப்பில் அமைதி திரும்பியது. பிரமாதமான கணக்கு என்று பாலகோபால் பாராட்டிச் செய்தி அனுப்பினார்.

இனி மாமாவுக்குக் கேட்க ஒன்றும் மிச்சமில்லை என்று மிதுன் தெம்பானான். வடவள்ளியில் மூன்றாவது வீடு பார்த்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் பதில் வேண்டும் என்று அதன் சொந்தக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்.

ஞாயிறு காலை. சித்திரை வெயில் பத்து மணிக்கே கொளுத்தியது. மாமியார் மாரியாத்தாள் கூடத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அக்ஷயா மிதுனின் முதுகில் விரலால் குத்தித் தள்ளிவிட்டாள். அவன் நாலடி நடப்பதற்குள் பாலுசாமியே எதிரில் வந்தார். முழுக்கைச் சட்டை, கழுத்து வரை பொத்தான், காலர் நனைந்து கிடந்தது.

"மாப்பிள்ளை, உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணுமுங்க."

"நானும் ஒண்ணு சொல்லோணுமுங்க மாமா."

"நீங்க மொதல்ல."

"இல்லீங்க, நீங்களே."

பாலுசாமி மின்விசிறியைப் பார்த்தார். டிவி பக்கத்தில் மினுங்கிக்கொண்டிருந்த சர்வர் பெட்டியைப் பார்த்தார்.

"எல்லாருக்கும் ஆயிரத்து ஐந்நூறுன்னு வருதுங்கல்ல... அதை ரெண்டாயிரமா ஆக்கிப்போடலாங்களா?"

மிதுனின் தோள் தொங்கிப்போனது. வடவள்ளி வீட்டின் பால்கனி ஒருமுறை கண்ணில் வந்து மறைந்தது.

"சரிங்க மாமா" என்றான்.

மாரியாத்தாள் வெங்காயத் தட்டை நங்கென்று தரையில் வைத்தார்.

"ஏனுங்க, சித்த நகருங்க" என்று கணவரை ஒதுக்கிவிட்டு எழுந்து வந்தார். "மாப்பிள்ளை, தப்பா நெனச்சுக்காதீங்க. ஆறு மாசமா உங்ககிட்ட ஒண்ணு கேட்டுப்போட்டு வாரேன்னு இவரும் வந்து வந்து நிக்கறாரு. வாய் வராம அந்தப் பொட்டியைப் பத்திக் கேட்டுப்போட்டுத் திரும்பீர்றாரு. மாப்பிள்ளை முன்னாடி வெறும் மேலோட நிக்கக் கூடாதுன்னு ரெண்டு வருசமா ஊட்டுக்குள்ள சட்டையைக் கழட்டலீங்க, ஒடம்பெல்லாம் வேர்க்குரு. இனி நானே கேட்டுப்போடறனுங்க."

முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க ரெண்டு பேரும் எப்பங்க தனிக்குடித்தனம் போவீங்க?"