பெயர் போடாத சிவப்பு நோட்டீஸ்

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. நான் சொல்லாவிட்டால் என் மனைவி கோமதி சொல்லிவிடுவாள் என்பதால் முந்திக்கொள்கிறேன். நாய்க்குப் பயம், இடிக்குப் பயம், காக்கிச் சட்டைக்குப் பயம். இப்படிப்பட்ட நான்தான் ஒருமுறை ஒரு தேயிலைத் தோட்டத்தையே பயமுறுத்தி, நாற்பது குடும்பங்களை மூட்டை முடிச்சோடு லயம் என்கிற வரிசை வீடுகளை விட்டு வெளியேற வைத்தேன். மார்க்கெட்டிங் செய்யப் போன இடத்தில் நடந்தது அது.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. ஹட்டன் டவுனில், மெயின் ரோட்டிலிருந்து படிக்கட்டு ஏறிப் போகும் ஒரு சந்தில் பை தைக்கும் கடை வைத்திருந்தேன். ஒரு மெஷினில் நான், இன்னொன்றில் கோமதி. ஸ்கூல் பை, பயணப் பை, கொழும்பில் பெண்கள் தோளில் மாட்டுகிற மாதிரியைப் பார்த்து அப்படியே வெட்டித் தைத்த பை. வியாபாரம் சுமாராகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு எதிரில் கண்ணாடிக் கதவும் வெள்ளை விளக்குமாக ஒரு பெரிய கடை வந்தது. வெளிநாட்டுப் பைகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. வாடிக்கையாளர்கள் எங்கள் வாசலில் ஒதுங்கிக் குடையை மடக்குவார்கள். மடக்கியதும் எதிர்க்கடைக்குள் போய்விடுவார்கள். இன்னும் ஆறு மாதத்தில் மெஷின் இரண்டையும் விற்க வேண்டியதுதான் என்ற பயம் எனக்குச் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில் நுவரெலியாவில் சிறுதொழில் செய்பவர்களுக்கு ஒருநாள் மார்க்கெட்டிங் வகுப்பு என்று கேள்விப்பட்டுப் போனேன். கொழும்பிலிருந்து வந்த பயிற்சியாளர் நன்றாகத்தான் பேசினார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் அவர் சொன்ன ஒரு விஷயம் என் மண்டையில் ஆணி அடித்த மாதிரி இறங்கியது. எடுத்தவுடன் பெயரைச் சொல்லாதீர்கள், முதலில் ஆவலைத் தூண்டுங்கள், எல்லோரும் "என்ன அது, என்ன அது" என்று பேசட்டும், அதன் பிறகு ஒருநாள் திரையை விலக்குங்கள் என்றார். பிற்பகலில் அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. இடி தொடங்கும் முன்னே பஸ்ஸைப் பிடித்துவிட வேண்டும் என்று நழுவிவிட்டேன். (அரை வகுப்பு படித்தவனிடம் ஜாக்கிரதையாக இருங்கள். ஒன்றுமே படிக்காதவனைவிட அவன் ஆபத்தானவன்.)

திட்டம் பஸ்ஸிலேயே தயாராகிவிட்டது. கோமதி பிறந்த தோட்டம் ஹட்டனிலிருந்து முக்கால் மணி நேரம். அங்கே நோட்டீஸ் ஒட்டுவது, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வேன் நிறையப் பைகளோடு போய், காலையில் வேலைக்கு ஆட்கள் கூடுகிற பெரட்டுக் களத்தில் இறங்கி எல்லோரையும் அசத்துவது. கோமதிக்குச் சொல்லவில்லை. மனைவியிடமும் மறைக்க வேண்டும் என்று பயிற்சியாளர் சொல்லவில்லை. அது என் சொந்தச் சேர்க்கை.

நோட்டீஸில் என்ன எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் வந்தது இது:

வருகிறது.
ஞாயிறு காலை பத்து மணி.
இனி வீட்டுக்குள் முடங்கிக் கிடக்க வேண்டாம்.
எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு புறப்படத் தயாராகுங்கள்.

சத்தியமாகப் பைகளைப் பற்றித்தான் எழுதினேன். இன்று படித்தால் எனக்கே சட்டி பானையைத் தூக்க வேண்டும் போலிருக்கிறது. போதாததற்குக் கண்ணைப் பறிக்க வேண்டுமென்று சிவப்புத் தாளில் போட்டோகொப்பி எடுத்தேன். மழைக் காலத்தில் எங்கள் மலையில் சிவப்பு என்றால் என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மண்சரிவு எச்சரிக்கையில் மஞ்சள் வந்தால் கவனமாக இரு, சிவப்பு வந்தால் வீட்டை விட்டுப் போ. எனக்கும் அது தெரியும். ஆனால் அன்றைக்கு நான் மலையகத்தான் இல்லை, மார்க்கெட்டிங் நிபுணன். நான்கு நாளாக மழை விடாமல் பெய்துகொண்டிருந்ததும் அந்த நிபுணனின் கண்ணில் படவில்லை.

வெள்ளிக்கிழமை பகல், எல்லோரும் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நேரத்தில் போய் ஒட்டினேன். லயத்தில் ஆளில்லை, நாய்கள் மட்டும் இருந்தன. ஒரு கண்ணைச் சுவரிலும் ஒரு கண்ணை நாயிலும் வைத்து ஒட்டியதில் இரண்டு நோட்டீஸ் தலைகீழாகப் போய்விட்டது. மலிவுத் தாள் என்பதால் சாயம் கரைந்து என் உள்ளங்கை இரண்டும் சிவந்துவிட்டது. பைத் துணிச் சாயம் என்று கோமதியிடம் சொன்னேன்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு மாமியாரிடமிருந்து போன். கோமதி ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மெஷினில் தைத்துக்கொண்டே பேசினாள்.

"கோமதி, நாங்க எல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் போறோம்மா. நேத்து செவப்பு நோட்டீஸ் ஒட்டிட்டுப் போயிட்டாங்க. மலை வருதாம்."

மெஷின் நின்றது. "எப்பம்மா?"

"நாளைக்குப் பத்து மணிக்காம். மண்ணு வர்றதுக்கு நேரமும் குறிச்சிருக்காங்க. மேல் லயத்துக்குப் பின்னால வெடிப்பு வேற விட்டிருக்குல்ல, யாரும் வீட்ல இருக்க மாட்டேங்குறாங்க. ஒங்கப்பாவுக்குத்தான் கால் முடியல."

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். காற்று மட்டும் வந்தது.

"ஏங்க, கடைய மூடுங்க, போவோம்" என்றாள் கோமதி. அவள் குரல் நடுங்கியது. நானும் நடுங்கினேன். இரண்டும் ஒரே நடுக்கம் என்று அவள் நினைத்து என் கையை ஆறுதலாகப் பிடித்தாள்.

ஓட்டோவில் போகும்போது தோட்டத்து ரோட்டில் ஆட்கள் தென்படத் தொடங்கினார்கள். தலையில் மூட்டை, கக்கத்தில் கோழி, முதுகில் பிள்ளை. மழையில் நனைந்த அரிசிச் சாக்கும் தலையணை உறையும் சுமந்து வரிசையாக ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரையும் கடக்கும்போது நான் சீட்டில் ஒரு அங்குலம் கீழே இறங்கினேன். பள்ளிக்கூடம் வந்தபோது என் முழங்கால் டிரைவரின் முதுகில் இருந்தது.

மாமாவை நாற்காலியோடு தூக்கி வந்திருந்தார்கள். நான் போனதும் என் கையில் அவருடைய சேவலைக் கொடுத்துவிட்டு, "மாப்பிள்ளை, நீங்க வந்ததே பெரிய தைரியம்" என்றார். சேவல் என்னை நம்பவில்லை. அது மட்டும்தான் அங்கே சரியாக நினைத்தது.

தோட்டத் தலைவர் முனியாண்டி நடு மண்டபத்தில் நின்று யார் யாருக்கோ போன் அடித்துக்கொண்டிருந்தார். தோட்டத் தொழிலாளர்களுக்கு எதுவென்றாலும் முன்னால் நிற்கிற மனுஷர். எச்சரிக்கை நோட்டீஸ் போடுகிற அதிகாரியான கிராம சேவகருக்குக் காலையிலிருந்து லைன் கிடைக்கவில்லை. மத்தியானம் கிராம சேவகரே ஒரு பொலிஸ்காரரோடு வந்து இறங்கினார். அவர் சொன்னது ஒரே வாக்கியம்.

"இந்த நோட்டீஸ நாங்க யாரும் போடலீங்க."

அதற்குப் பிறகுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. அதுவரை மலைக்குப் பயந்த நாற்பது குடும்பங்களும் இப்போது ஒரு ஆளைத் தேட ஆரம்பித்தன. லயத்தைக் காலி பண்ண தோட்ட நிர்வாகம் செய்த வேலை என்றார் ஒருவர். தேர்தல்காரர்கள் வேலை என்றார் இன்னொருவர். திங்கட்கிழமை யாரும் வேலைக்குப் போகக் கூடாது என்று ஒரு குரல், இப்போதே மேனேஜர் பங்களாவுக்குப் போய்க் கேட்போம் என்று ஒரு குரல். ஏழெட்டுப் பேர் எழுந்தும்விட்டார்கள். நான் நாலு வரி எழுதினேன். அது வேலைநிறுத்தம் வரை வந்து நின்றது.

பொலிஸ்காரர் ஒரு சிவப்புத் தாளைத் தூக்கிக் காட்டி, "மேக காகெத?" என்று கேட்டார். இது யாருடையது என்று அர்த்தம். எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். அந்த நிமிஷத்தில் தெரியாமல் இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. சேவலை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அது அலறியது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கோமதியும் பார்த்தாள். முதலில் தாளைப் பார்த்தாள். அதிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த சாயத்தைப் பார்த்தாள். பிறகு சேவலின் வெள்ளை இறகில் சிவப்பாகப் பதிந்திருந்த என் விரல் தடங்களைப் பார்த்தாள்.

பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள். "ஏங்க, கையக் காட்டுங்க."

காட்டினேன்.

"நீங்களாச் சொல்றீங்களா, நான் சொல்லவா?"

சேவலோடு இரண்டு அடி முன்னால் போனேன். "நான்தாங்க ஒட்டினேன்" என்றேன். கேட்கவில்லை என்றார்கள். இன்னொரு தடவை சொன்னேன். "பை விக்கிறதுக்காக ஒட்டினேன். வர்றது மலை இல்லீங்க. பை."

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். தலைவர் முனியாண்டியின் குரல்தான் வந்தது.

"பையா?"

"ஆமாங்க."

"அதுல பைன்னு எங்கயுமே இல்லையே, தம்பி."

"அது வந்து... ஆவலைத் தூண்டுறதுக்குங்க."

யாரோ ஒரு பெண் பின்னால் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புதான் என்னைக் காப்பாற்றியது. ஆனால் கிராம சேவகர் சிரிக்கவில்லை. என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "நாளைக்கு உண்மையான நோட்டீஸ் வந்தா இவங்க எந்திரிச்சு வருவாங்களா? அதை யோசிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டார். பொலிஸ்காரர் என் பெயரையும் விலாசத்தையும் எழுதிக்கொண்டு எச்சரித்து விட்டார். அந்த எச்சரிக்கை எனக்கு மறந்துவிட்டது. கிராம சேவகரின் கேள்வி மறக்கவில்லை.

தண்டனையைத் தலைவர் சொன்னார். எல்லோருடைய மூட்டையையும் நானே கீழே கொண்டுபோய் அவரவர் வீட்டில் வைக்க வேண்டும். தூக்கினேன். பள்ளிக்கூடத்துக்கும் லயத்துக்கும் எத்தனை நடை என்று எண்ணவில்லை. மூன்றாவது நடையில் இருந்து நாய்கள்கூட என்னைப் பார்த்துக் குரைப்பதை நிறுத்திவிட்டன.

அப்படி ஒரு மூட்டையை எடுக்கப் போனபோது, செல்வி என்ற கொழுந்து பறிக்கிற அக்கா பெஞ்சில் ஏதோ காகிதங்களை விரித்துத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறப்புச் சாட்சிப் பத்திரம், வங்கிப் புத்தகம், மகளுடைய ஓ.எல். பரீட்சை சேர்ட்டிபிக்கட். கடைப் பையில் சுற்றிக் கொண்டுவந்ததில் ஓரமெல்லாம் நனைந்து மை பரவியிருந்தது. திட்டப் போகிறார் என்று தலையைக் குனிந்து நின்றேன்.

"பையி தைக்கிற ஆளுதானே நீங்க?" என்றார்.

"ஆமாங்கக்கா."

"அப்ப இதுக்கு ஒண்ணு தைங்க. தண்ணி போகக் கூடாது. கழுத்துல மாட்ற மாதிரி இருக்கணும். புள்ளையத் தூக்க ரெண்டு கையும் வேணும்ல."

அதுவரை ஆறு வருஷமாகப் பை தைத்திருந்தேன். உங்களுக்கு எப்படிப்பட்ட பை வேண்டும் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. கொழும்பில் எதை மாட்டுகிறார்கள் என்று பார்த்தேன், எதிர்க்கடையில் எதைத் தொங்கவிடுகிறார்கள் என்று பார்த்தேன். என் வாசலில் குடையை மடக்கியவர்களைப் பார்க்கவில்லை. அன்றைக்கு மிச்ச மூட்டைகளைத் தூக்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் கேட்டேன். ஓட வேண்டி வந்தால் முதலில் எதை எடுப்பீங்க? எதில் வைப்பீங்க? என்னைத் திட்டுவதற்காகக் கதவருகே வந்தவர்கள்கூட நின்று பதில் சொன்னார்கள். நான் நழுவிவிட்ட பிற்பகல் வகுப்பில் ஒருவேளை இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்களோ என்னவோ.

கொழுந்து பறிக்கும் பெண்கள் மழைக்கு இடுப்பில் கட்டுகிற படங்கு மாதிரியான தடித்த பிளாஸ்டிக் சீட்டில்தான் முதல் பையைத் தைத்தேன். தையல் வழியாகத் தண்ணீர் போயிற்று. உள்ளே பத்திரிகைத் தாளை வைத்து வாளியில் அமுக்கி அமுக்கிப் பார்த்து, ஏழாவது பையில்தான் தாள் காய்ந்தபடி வந்தது. வார் கழுத்தை அறுக்கிறது என்று கோமதி அகலமாக்கினாள். அந்தப் பையைச் செல்வி அக்காவுக்குக் கொடுத்தோம். மற்றவர்கள் அதைப் பார்த்துக் கேட்டு வந்தார்கள், பிறகு பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்தார்கள். நான் நோட்டீஸ் எதுவும் ஒட்டவில்லை.

அடுத்த மழைக் காலத்தில் உண்மையான சிவப்பு எச்சரிக்கை வந்தது. கையெழுத்தும் முத்திரையும் இருந்தும், லயத்தில் பாதிப் பேர் "இது மாப்பிள்ளை வேலையா இருக்கும்" என்று சொல்லி அடுப்பைப் பற்றவைத்துவிட்டார்களாம். கிராம சேவகர் எனக்குப் போன் செய்தார். இடி இடித்துக்கொண்டிருந்தது. கோமதி குடையை எடுத்துக் கையில் கொடுத்தாள். பெரட்டுக் களத்தில் எல்லோர் முன்னாலும் நின்று, "இது நான் ஒட்டலீங்க. தயவுசெஞ்சு போங்க" என்றேன். என் குரல் நடுங்கியதைப் பார்த்துத்தான் நம்பியதாகத் தலைவர் பின்னால் சொன்னார். கழுத்தில் பைகளை மாட்டிக்கொண்டு ஏறிப் போனார்கள். மறுநாள் காலை மேல் லயத்தின் பின்பக்கம் மண் இறங்கி இரண்டு சமையல் குசினிகளை மூடியிருந்தது. அவற்றில் ஒன்று செல்வி அக்காவுடையது. உள்ளே யாரும் இல்லை.

அதிலிருந்து எனக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. அந்தத் தோட்டத்தில் என்ன அறிவித்தல் வந்தாலும், தண்ணீர் வெட்டோ, தடுப்பூசியோ, கூட்டமோ, முதலில் எனக்குத்தான் போன் வரும். போன மாதம் மாமா அழைத்தார்.

"மாப்பிள்ளை, கோயில் திருவிழா இன்னைக்குன்னு நோட்டீஸ் ஒட்டியிருக்கு. ஒங்களுது இல்லையே?"

"இல்லீங்க மாமா."

"அப்ப சரி, போயி குளிக்கிறேன்" என்று வைத்துவிட்டார்.