மஞ்சள் தொப்பி

"ஆள் மஞ்சள் தொப்பி போட்டிருப்பார். ரெண்டாவது மிதவைகிட்ட இருப்பார்," என்றார் மாஸ்டர். "வரமாட்டேன்னு அடம்பிடிப்பார். திட்டுவார். எனக்கு ஒண்ணுமில்லைன்னு சத்தியம் பண்ணுவார். காதுலயே வாங்காதே. கடல்ல பேச்சுவார்த்தை கிடையாது."

கோடை விடுமுறைக்கு மீட்புப் படகு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த கல்லூரிப் பெண்ணுக்கு அங்கே பெயர் 'புதுசு'. இன்று அவளுக்குக் கடைசித் தேர்வு. மூழ்குகிறவராக நடிப்பது மாஸ்டரின் மச்சான். அவரைப் புதுசு பார்த்ததே இல்லை.

தேறாவிட்டால் பெரியப்பாவின் ஜெராக்ஸ் கடைதான். போன இரண்டு விடுமுறைகளையும் அங்கேதான் தாள் தாளாகப் புரட்டித் தொலைத்திருந்தாள்.

படகோட்டி அண்ணன் படகை விரட்டினார். இரண்டாவது மிதவைக்கு வெகு தூரம் இப்பால், ஒரு ரப்பர் ட்யூபில் மல்லாந்தபடி மஞ்சள் தொப்பி ஒன்று மிதந்துகொண்டிருந்தது.

"அண்ணா, இடம் மாறியிருக்கே?"

"அலை தள்ளிருக்கும். தொப்பி மஞ்சள்தானே? எடு."

"சார், பயப்படாதீங்க. உங்களைக் காப்பாத்த வந்திருக்கோம்."

"யாருக்கு பயம்? சும்மா காத்து வாங்கிட்டிருக்கேன். போம்மா, வேலையைப் பாரு."

உதடு வெளிறி, பல் தந்தியடிக்க, அவர் சொன்ன அழகில் புதுசு அசந்துபோனாள். மச்சான் சாதாரண நடிகர் இல்லை.

"நான் காலேஜ்ல நீச்சல் சாம்பியன், தெரியுமா?"

"இருக்கட்டும் சார்," என்று அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். அவர் உதறிய உதறலில் அவள் மூக்கில் ஓர் இடி விழுந்தது. ட்யூப் தன் வழியே போய்விட்டது.

படகில் ஏறியதும் எழுந்து நின்று கத்தினார். படகு ஆடியது. நின்றால் படுக்கவை என்பது பாடம், படுக்கவைத்தாள். புரண்டால் கட்டு என்பதும் பாடம். ஸ்ட்ரெச்சரில் வைத்து மூன்று பெல்ட் போட்டாள். போலீசுக்குப் போவேன் என்றார். கம்பளியைத் தாடைவரை இழுத்துப் போர்த்திவிட்டு, நாடி பார்த்தாள்.

கரையில் மாஸ்டருக்கு முகம் பேயறைந்தது போலானது.

"யாரும்மா இது?"

"உங்க மச்சான், மாஸ்டர்."

"என் மச்சானை எனக்குத் தெரியாதா? அங்கே பாரு."

இரண்டாவது மிதவையருகே இன்னொரு மஞ்சள் தொப்பி இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தது. படகோட்டி அண்ணன் படகைத் திருப்பினார்.

பெல்ட்டை அவிழ்த்து, கால் மணலில் பட்டதுதான் தாமதம், ஸ்ட்ரெச்சரில் வந்த பெரியவருக்கு எங்கிருந்துதான் குரல் வந்ததோ. "புகார் புத்தகத்தைக் கொண்டா. ஒரு நீச்சல் சாம்பியனை மூட்டை மாதிரி கட்டித் தூக்கிட்டு வர்றதா?"

மாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டார். புத்தகம் வந்தது. பெரியவர் பக்கத்தைத் தாண்டியும் எழுதினார்.

"பையை எடுத்துக்கோம்மா," என்றார் மாஸ்டர், அவளைப் பார்க்காமலே. "உங்க பெரியப்பாகிட்ட நானே பேசறேன்."

புதுசு பையைத் தோளில் மாட்டினாள். ஜெராக்ஸ் மெஷினின் வெளிச்சம் கண்முன்னே போய்ப் போய் வந்தது.

அப்போது செருப்பைக் கையில் பிடித்தபடி, மூச்சிரைக்க ஓடிவந்தாள் பெரியவரின் மனைவி. புதுசின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகுதான் கணவரையும், அவர் கையிலிருந்த பேனாவையும் பார்த்தாள்.

"எழுதுங்க, நல்லா எழுதுங்க. கரைக்கு வந்ததும் நீச்சல் தெரிஞ்சிடுச்சாக்கும் உங்களுக்கு?"