முப்பது ஏனு?

பெங்களூரில் வெறும் எண்ணைக் காதில் வாங்க மறுத்த ஒரே மனிதர் எங்கள் அலுவலக ஏனுதான். கன்னடத்தில் 'ஏனு' என்றால் 'என்ன'. யார் எந்த எண்ணைச் சொன்னாலும் அதைக் கேட்பார்; அதனால் வந்த பெயர்.

டீக்கடையில் நான் "அண்ணா, ரெண்டு" என்றால் பின்னாலிருந்து குரல் வரும்.

"ரெண்டு ஏனு?"

"டீதான் சார். இங்க வேற என்ன இருக்கு?" என்பார் கடைக்காரர்.

"பன் இருக்கே."

அடுகோடியில் அவர் வீட்டுக்கு வந்த கல்யாணத் தரகர், "பொண்ணு அஞ்சு நாலு" என்றாராம்.

"அஞ்சடி நாலு அங்குலமா, அஞ்சு புள்ளி நாலு அடியா?"

தரகர் ஏனுவின் அம்மாவிடம், "ஏம்மா, உங்க பையன் பொண்ணு பாக்குறாரா, பிளவுஸ் தைக்கப் போறாரா?" என்று கேட்டுவிட்டுப் போனவர்தான், திரும்பவில்லை.

நாங்கள் புரோகிராம் எழுதும் மொழியும் ஏறக்குறைய அவர் மாதிரி. எது எண், எது தேதி, எது பெயர் என்று முன்பே வகை சொல்லாவிட்டால், எழுதியதைச் சரிபார்க்கும் கம்பைலரைத் தாண்டவே முடியாது. ஆனால் புரோகிராமை ஓட்டும்போது கட்டளை வரியில் ஆள் அடிப்பது வெறும் எழுத்துகளாகத்தான் உள்ளே வரும். அந்த வாசலில்தான் ஏனு நிற்பார்.

பொம்மசந்திராவில் ஒரு பம்பு தொழிற்சாலைக்காக, பழைய சோதனைப் பதிவுகளை அழிக்கும் புரோகிராம் எழுதினேன். எவ்வளவு காலத்துக்கு முந்தையதை அழிக்க வேண்டும் என்று கட்டளையோடு ஓர் எண் தர வேண்டும். இது சரியாகப் போனால்தான் என் வேலை நிரந்தரமாகும்.

"முப்பதுன்னு அடிச்சா?" என்றார் ஏனு.

"முப்பது மணி நேரம். மேனுவல்ல இருக்கு."

"மேனுவல எவன் படிக்கிறான்?"

எண்ணை எடுத்துவிட்டு 'கால அளவு' என்று தனி வகை செய்ய வைத்தார். நாளா, மணியா என்று சேர்த்து அடிக்காவிட்டால் புரோகிராம் நின்றுவிடும். நிற்கும்போது வரும் செய்தியை அவரே எழுதினார். ஒரு நாள் தாமதமானது. அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன்.

அடுத்த வாரம் தொழிற்சாலை சூப்பர்வைசர் போன் செய்தார்.

"மேடம், நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன். உங்க புரோகிராம் என்னையே எதிர்த்துக் கேக்குது. முப்பது ஏனுங்குது."

"நீங்க என்ன நெனச்சு அடிச்சீங்க?"

"முப்பது நாளுதான். வேற ஏனு?"

அதை முப்பது மணி நேரமாக எடுத்திருந்தால் இன்ஸ்பெக்‌ஷனுக்குக் காட்ட வேண்டிய ஒரு மாதப் பதிவும் ஏறக்குறைய முழுக்கப் போயிருக்கும், கூடவே என் வேலையும். எழுந்து போய் டீ வாங்கி வந்தேன். பன்னும்.

ஏனு இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறார். அந்த புரோகிராம் என்னிடம்தான் இருக்கிறது. சில நாள் தெரிந்தே வெறும் எண்ணை அடிக்கிறேன், அவர் கேட்கட்டும் என்று.