கறுப்பு டேப் ஒட்டிய கேமரா

கண்ணாடி இல்லாத கேமரா இந்த வீட்டு வாசலைத் தாண்டாது என்று ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நான் அறிவித்தேன். அறிவிப்பைக் கேட்க வீட்டில் இருந்தது என் மனைவி தொமோயே ஒருத்திதான். அவள் கிண்ணத்தில் மிசோ சூப் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“சரிங்க. டோஃபு இன்னும் ரெண்டு துண்டு போடட்டுமா?” என்றாள்.

போடச் சொன்னேன். பிரகடனம் அத்துடன் முடிந்தது.

என் கோபத்துக்குக் காரணம் இருந்தது. நான் கவாசாகியில் ஒரு கேமரா கம்பெனியில் அதுவரை முப்பத்தோரு வருடம் வேலை பார்த்திருந்தேன். கேமராவுக்குள் சாய்வாக ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். பொத்தானை அழுத்தினால் அது மேலே போய்க் கீழே வரும். ‘டப்’ என்று சத்தம் கேட்கும். அந்தக் கண்ணாடியைத் தூக்குகிற ஸ்பிரிங் என்னுடையது. உலகத்தில் எங்கே ‘டப்’ என்று கேட்டாலும் அதில் எனக்குக் கால் பங்கு உண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டிவி செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனி வந்து அதைக் கெடுத்தது. பழைய பிலிம் அளவுக்கே பெரிய சென்சார். முழு அளவு என்பார்கள். ஆனால் உள்ளே கண்ணாடி கிடையாது. முதல் வருடம் நாங்கள் சிரித்தோம். இரண்டாம் வருடம் பேசாமல் இருந்தோம். ஐந்தாம் வருடம் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற எங்கள் பழைய பகையாளிக் கம்பெனியும் கண்ணாடியைக் கழற்றப்போகிறது என்று பேச்சு வந்தது. உடனே எங்கள் முதலாளிகளுக்குத் தூக்கம் போயிற்று. அவர்களுக்கு ஒரு வாரம் முன்னால் நாம் சந்தைக்கு விட்டாக வேண்டும் என்று கட்டளை வந்தது. நாங்கள் செய்துகொண்டிருந்த புது மாடல் இரும்பு அலமாரிக்குள் இருந்தது. அதைப் பார்க்க எனக்கு அனுமதி இல்லை. நான் கண்ணாடி ஆள்.

ஜூலையில் பிரிவுத் தலைவர் குசுமகி என்னைக் கூப்பிட்டார்.

“ஒகித்சு, கண்ணாடிப் பிரிவை மூடறோம். நீ புதுக் கேமரா பிரிவுக்கு வா. ஷட்டர் வேலை. உன்னை மாதிரி கை வேணும்.”

“கண்ணாடி இல்லாத இடத்துல எனக்கு என்ன சார் வேலை?”

“வரலேன்னா அகிதா உதிரிபாகக் கிடங்குல ஒரு இடம் காலி. தனியாத்தான் போகணும். ஆகஸ்ட் முப்பத்தொண்ணுக்குள்ள பதில் சொல்லு.”

அகிதா வடக்கே. குளிர்காலத்தில் வாசல் கதவு திறக்காத அளவுக்குப் பனி. ஆனாலும் நான் அகிதாவுக்கே போவது என்று மனதுக்குள் தீர்மானித்துவிட்டேன். மானம் பெரிதா, பனி பெரிதா? தொமோயேயிடம் மூச்சு விடவில்லை. முப்பத்தொன்றாம் தேதி எல்லாம் முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். என் திறமையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

அந்த வாரம் குசுமகி வீட்டிலிருந்து வழக்கமான கோடைப் பரிசு வந்தது. ஒரு மரப்பெட்டி நிறைய சோமென் என்கிற மெல்லிய சேமியா. பரிசு அனுப்புவது ஆண்கள் பெயரில். நன்றி சொல்லிப் போன் செய்வது மனைவிமார்களின் இலாகா. தொமோயே போன் செய்தாள். நான் குளிக்கப் போனேன். குளித்து, துவட்டி, பேப்பர் படித்து முடித்தபோதும் அவள் நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அவள் ஒரு செய்தி சொன்னாள். தொமோயே எங்கள் தெருப் பெண்களின் பாட்டுக் குழுவில் இருந்தாள். பதினான்கு வருடம் பின்வரிசை. அந்த ஆகஸ்ட் கடைசி ஞாயிறு நகர மன்ற அரங்கில் நிகழ்ச்சி. அவளுக்கு முதல் முறையாகத் தனிப் பாட்டு.

“அடடே! நான் படம் எடுக்கறேன்.”

“வேண்டாங்க.”

“ஏன்?”

“போன வருஷம் மறந்துடுச்சா? பாட்டு அப்படியே தேய்ஞ்சு, மூச்சு சத்தம் கூட இல்லாம நிக்குது. அப்ப நீங்க டப்புன்னீங்க. டீச்சர் தாளம் காட்டற குச்சியக் கீழ போட்டுட்டாங்க.”

“அது அந்த ஸ்பிரிங்கோட தரம்.”

“அந்தத் தரத்துக்காகத்தான் இந்த வருஷம் மன்றத்துலயே சொல்லிட்டாங்க. சத்தம் போடற கேமராவுக்கு அனுமதி இல்லையாம். நீங்க கையத் தட்டுங்க, போதும்.”

சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். அழவில்லை, கெஞ்சவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. என்னிடம் தொமோயேயின் படங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. ஒன்றில்கூட அவள் கண் சரியாகத் திறந்திருக்காது. முதல் ‘டப்’புக்கு அதிர்ந்து கண்ணை மூடுவாள். அடுத்ததற்குப் பயந்து மூடியே வைத்திருப்பாள். எங்கள் கல்யாண ஆல்பத்தைப் பார்க்கிறவர்கள் பெண்ணுக்குப் பார்வை இல்லையோ என்று நினைத்துப் பரிதாபப்படுவார்கள்.

திட்டம் போட்டேன். எதிரிகளின் கேமராக்களை வாங்கிப் பிரித்துப் பார்ப்பது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது. ஆபீஸில் எங்கள் மாடியில் அதற்கென்றே ஓர் அலமாரி உண்டு. டிவிக் கம்பெனியின் முழு அளவுக் கேமரா அதில் இருந்தது. சத்தமில்லா முறையில் வைத்தால் துளிச் சத்தம் வராது. அதை இரவல் வாங்குவது. பெயர் மேல் கறுப்பு டேப் ஒட்டுவது. எங்கள் கம்பெனி பெயர் போட்ட தோள்வாரை மாட்டுவது. அது என் பழைய கேமராதான், சத்தத்தை நானே அடக்கிவிட்டேன் என்று சொல்வது. மானமும் போகாது, படமும் கிடைக்கும்.

இரவல் சீட்டில் குசுமகி முத்திரை குத்த வேண்டும். என்ன காரணம் சொல்வது என்று மூன்று நாள் ஒத்திகை பார்த்துப் போனேன். அவர் காரணமே கேட்கவில்லை. முத்திரையைக் குத்திவிட்டு, “நல்லா எடு. திருப்பிக் குடுக்க அவசரமில்ல” என்றார். அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் ராசி என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் கேமராவை மேசையில் வைத்தேன்.

“சின்னதாயிடுச்சே?” என்றாள் தொமோயே.

“தேவையில்லாததக் கழட்டிட்டேன்.”

“சத்தம்?”

“உள்ள ஸ்பாஞ்ச் வச்சிருக்கேன்.”

“பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சா?”

“கம்பெனி ஸ்பாஞ்ச்.”

“முப்பத்தோரு வருஷம் சத்தம் போட்ட கேமராவ மூணே நாள்ல அடக்கிட்டீங்களே! இதை அன்னிக்கே செஞ்சிருந்தா கல்யாண ஆல்பத்துல எனக்குக் கண்ணு இருந்திருக்கும். இந்த டேப் எதுக்கு?”

“ஸ்பாஞ்ச் வெளிய வராம இருக்க.”

“கெட்டிக்காரர்” என்றாள். பாவம், எதையும் நம்பிவிடுகிறாள் என்று எனக்கு அவள்மேல் இரக்கமே வந்தது.

அன்று அவள் துணி மடிக்கும்போது பக்கவாட்டில் நின்று எடுத்துப் பார்த்தேன். சத்தம் இல்லை. அவள் திரும்பவில்லை. பின்பக்கத் திரையில் தொமோயே ஒரு காலுறைக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தாள், இரண்டு கண்ணும் திறந்து. வலது கண்ணின் ஓரத்தில் ஒரு சின்ன மச்சம். முப்பது வருடக் குடித்தனத்தில் அதை நான் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து அந்தக் கேமரா என் கையை விட்டு இறங்கவில்லை. அவள் வெளியே போயிருந்த ஒரு பிற்பகல் அடித் தகட்டைக் கழற்றி உள்ளேயும் பார்த்தேன். எதிரி கெட்டிக்காரன்தான். ஆனால் சத்தத்தோடு எடுக்கிற சாதாரண முறையில், ஷட்டர் திரை போய் நிற்கிற இடத்தில் ஒரு சின்ன அதிர்வு மிச்சம் இருந்தது. என்னிடம் கேட்டிருந்தால் அதைச் சரி செய்திருப்பேன். பேப்பர் எடுத்துப் படம் போட்டேன். ஒன்பது பேப்பர் ஆனது.

நிகழ்ச்சி நாள் வந்தது. மன்றத்தில் என் பக்கத்து நாற்காலியில் எங்கள் தெரு சலவைக் கடைக்காரர் மியாசகோ. அவர் மனைவியும் குழுவில் பாடுகிறாள். அவர் மடியில் எங்கள் கம்பெனியின் பழைய கேமரா, என் ஸ்பிரிங்கோடு.

“உங்க கம்பெனிதான், ஒகித்சு சான்! இரும்பு மாதிரி உழைக்குது” என்றவர் என் மடியைப் பார்த்தார். கறுப்பு டேப்பைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். “ஓகோ! இன்னும் வெளிய வராத மாடலா? பேப்பர்லதான் போட்டிருந்தானே!”

எங்கள் ஊரில் கேமராவின் பெயர் மேல் டேப் ஒட்டியிருந்தால் அதற்கு அந்த ஓர் அர்த்தம்தான். இது எனக்குத் தெரியாதா? வீட்டுக்குள் மறைப்பதையே யோசித்தேன், ஊரை மறந்துவிட்டேன்.

“இல்ல, இல்ல...”

“புரியுது, புரியுது. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்றவர் அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னார். அந்த வரிசை முழுவதும் என்னை எட்டிப் பார்த்தது. எதிரியின் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் கம்பெனியின் பெருமையாக நான் உட்கார்ந்திருந்தேன்.

தொமோயே முன்னால் வந்து நின்றாள். பாடினாள். நான் எடுத்தேன். சத்தம் வராததால் படம் விழுந்ததா இல்லையா என்று ஒவ்வொரு முறையும் சந்தேகம். மறுபடி அழுத்துவேன். மொத்தம் அறுநூற்றுப் பதினேழு படம்.

அடுத்து மியாசகோவின் மனைவி முன்னால் வந்தாள். என் காதோரம் ‘டப்’ என்றது. ‘டப் டப்’ என்றது. நான் பதறிப்போனேன்.

“மியாசகோ சான்! சத்தம் போடற கேமரா கூடாதுன்னு சொன்னாங்களே!”

“யாரு சொன்னது?”

“மன்றத்துல.”

“பன்னெண்டு வருஷமா வரேன், யாரும் சொன்னதில்லையே. போன வருஷம் உங்க டப்பைக் கேட்டுத்தானே நான் இதை வாங்கினேன்!”

நிகழ்ச்சி முடிந்து, ரயிலடிப் பக்கம் ஒரு சின்னக் கடையில் குளிர்ந்த சோபா நூடுல்ஸ் சாப்பிட உட்கார்ந்தோம். நான் தொண்டையைக் கனைத்தேன்.

“மன்றத்துல அப்படி ஒரு விதியே இல்லையாமே?”

“இல்லதான்” என்றாள், நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டே.

“பின்ன ஏன் அப்படிச் சொன்னே?”

“அகிதால பனி ஜாஸ்திங்க.”

என் கையிலிருந்த சாப்பாட்டுக் குச்சி நழுவியது.

“சோமெனுக்கு நன்றி சொல்ல ஒரு நிமிஷம் ஆச்சு. மீதி நேரம் குசுமகி வீட்டம்மாதான் அகிதா பத்திப் பேசினாங்க. இவர் நல்ல வார்த்தைக்கு இறங்க மாட்டாரு, அந்தக் கேமராவக் கையில குடுத்துட்டா தானா இறங்குவாருன்னு நான்தான் சொன்னேன். அந்த ஒம்பது பேப்பர பேன்ட் பையிலயே வச்சிருந்தீங்க. துவைக்கப் போட இருந்தேன். எடுத்து ஆபீஸ் பையில வச்சிருக்கேன். நாளைக்குக் குசுமகி கிட்ட குடுத்துடுங்க.”

“ஸ்பாஞ்ச்?”

“பேசாம சாப்பிடுங்க.”

மறுநாள் பேப்பர்களைக் கொடுத்தேன். அகிதாவுக்கு வேறு யாரோ போனார். கேமராவைத் திருப்பிக் கொடுக்கும் முன் டேப்பை உரித்தது தொமோயேதான். குப்பையில் போட்டிருப்பாள் என்று நினைத்தேன். ஓய்வு பெறும்வரை நான் கண்ணாடி இல்லாத கேமராக்களுக்கு ஷட்டர் செய்தேன். எங்கள் ஷட்டர் நிற்கிற இடத்தில் அதிர்வு கிடையாது.

தொமோயே போய் மூன்று வருடம் ஆகிறது. பூஜை மாடத்தில் வைக்க வேண்டிய படத்தை ஆஸ்பத்திரியிலேயே அவள் தேர்ந்தெடுத்துவிட்டாள். அறுநூற்றுப் பதினேழில் ஒன்று. வாய் திறந்து பாடுகிறாள். கண்களும் திறந்திருக்கின்றன. மச்சம் தெரிகிறது.

முதல் வருட நினைவு நாளுக்குக் கம்பெனி ஆட்கள் ஊதுவத்தி ஏற்ற வந்தார்கள். இப்போதைய பிரிவுத் தலைவர் மண்டியிட்டுக் கும்பிட்டு நிமிர்ந்து, படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “எவ்வளவு உயிரோட இருக்கு! நம்ம கேமராதானே சார்?” என்றார். ஏதோ முனகிவிட்டு, தூசி துடைப்பதுபோல் படத்தை எடுத்துத் திருப்பிப் பிடித்துக்கொண்டேன்.

சட்டத்தின் பின்பக்கம் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. அதன் கீழே தொமோயேயின் கையெழுத்து:

“எந்தக் கேமரான்னு யாராவது கேட்டா, இதை உரிச்சு உங்க வாயில ஒட்டிக்கோங்க.”