எட்டாவது சட்டை

பெருமதிப்புக்கும் அதைவிடப் பெரிய பயத்துக்கும் உரிய அக்காவுக்கு, உன் ஒரே தம்பியும் இந்த வீட்டின் தற்போதைய ஒரே ஆண்மகனுமாகிய நான் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், அம்மா நலம், ஃபிரிட்ஜுக்கு மட்டும் கொஞ்சம் இருமல். அங்கே நீயும் மாமாவும் நலமாகவும், முடிந்தால் கோபம் இல்லாமலும் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய், காகிதத்துக்குக் குறுக்கே யாரும் பேச முடியாது. அதோடு கடிதமும் இப்போது ரெட்ரோதான். ஊரே பழசுக்கு அலைகிறது, நானும் அலைந்துவிட்டுப் போகிறேன்.

முதலில் ஓர் இரங்கல் செய்தி. அப்பா கல்யாணத்துக்கு முன்பே தைத்துப் போட்டதும், நடக்கும் இடமெல்லாம் தரையைப் பெருக்கிக்கொண்டே போனதும், நம் குடும்பத்தில் உன்னைவிட மூத்ததுமான பழுப்பு நிற பெல்பாட்டம் பேண்ட், சென்ற வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று பத்துக்கு, பள்ளிக்கூட மாடிப்படியில், பின்பக்க நடுத்தையல் பிரிந்து இயற்கை எய்தியது என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். சம்பவத்தின்போது உள்ளே நான் இருந்தேன். பெயரில் மணி இருந்தும் ஒரு எச்சரிக்கை மணிகூட அடிக்காமல் கிழிந்தது. புத்தகப்பையைப் பின்னால் தொங்கவிட்டு அன்னாரின் மானத்தையும் என் மானத்தையும் சேர்த்து அடக்கம் செய்தேன்.

முறைக்காதே. அப்பா போய் ஐந்து மாதம்தான் ஆகிறது, அதற்குள் இரங்கல் செய்தியில் விளையாட்டா என்று நீ பல்லைக் கடிப்பது இங்கே வரைக்கும் கேட்கிறது. வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, ஆகவே விளையாட்டாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

போன மாதம் நீ வீடியோவில் பார்த்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் அம்மா அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை இஸ்திரி போட்டு அறைக்கதவின் கைப்பிடியில் மாட்டினாள். ஞாயிறு சாயங்காலம் அதை மடித்து மறுபடி பீரோவில் வைத்தாள். அப்பா போனதிலிருந்து இப்படித்தான் நடக்கிறது என்று நான் சொன்னதும் உனக்கு முகம் வெளிறிப்போனது. அந்த எட்டுச் சட்டைகளும் முப்பது வருஷம் புதுசாகவே இருந்த ரகசியம் உனக்குத் தெரியும். லிஃப்ட் மெக்கானிக்குக் கம்பெனியே சாம்பல் யூனிஃபார்ம் கொடுத்துவிடும், ஆறு நாள் அதுதான். ஞாயிறு மட்டும் பூப்போட்ட சட்டை, கழுகு இறக்கை விரித்த மாதிரி காலர், ரேடியோ பக்கத்தில் நாற்காலி, மடியில் டேப் ரெக்கார்டர். ஒரு செவ்வாய்க்கிழமை, பன்னிரண்டாவது மாடிக்கு மேலே மெஷின் ரூமில், அவர் யூனிஃபார்மோடு போய்விட்டார். சட்டைகள் எட்டும் ஒன்றும் தெரியாத மாதிரி பீரோவில் தொங்கிக்கொண்டிருந்தன. அம்மா எதற்கும் "ம்" என்பதற்கு மேல் பேசுவதை நிறுத்தினாள். நீ உத்தரவு போட்டாய்: பீரோவைக் காலி செய், அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி நான் வந்து அம்மாவை என்னோடு கூட்டிப்போகிறேன், நீ விடுதியில் சேர்ந்து படி. பின்பகுதி எனக்குப் பிடிக்கவில்லை. ஆகவே முன்பகுதியை என் சொந்த மூளையைச் செலவழித்து நிறைவேற்றினேன். சாதாரண மூளையா அது, கேள்.

எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமை ரெட்ரோ தினம். எல்லோரும் அந்தக் கால உடையில் வர வேண்டும், அந்தக் காலப் பாட்டு போடுவார்கள். வகுப்பில் ஒருத்தனிடமும் ஒரு பழைய சட்டை கிடையாது, ஆனால் எல்லோருக்கும் பழசு மேல் பைத்தியம். கேசட்டை வாங்கி மேஜையில் வைத்துக்கொள்கிறார்கள், போட்டுக் கேட்க டேப் கிடையாது. எனக்கு இதில் ஒரு தத்துவம் தோன்றியது: தான் பிறக்காத காலத்துக்கு ஏங்குவது ரொம்பச் சுகம், ஏனென்றால் அதில் நமக்குத் தெரிந்தவர்கள் யாரும் செத்திருக்க மாட்டார்கள். சரி, தத்துவம் போகட்டும். அம்மா குளிக்கப் போன நேரத்தில் எட்டுச் சட்டையும் என் பைக்குள் வந்தன. எட்டுப் பேருக்கு எட்டுச் சட்டை. வள்ளல் அல்லவா, எனக்குப் பேண்ட் மட்டும். அன்று பள்ளியில் எங்கள் வகுப்புக்குத்தான் முதல் பரிசு. என்னைத் தோளில் தூக்காத குறை. தூக்கியிருந்தால் பேண்ட் பிழைத்திருக்கும்.

போட்டிருந்த திட்டம் என்னவென்றால், பள்ளி விட்டதும் மைதானத்துப் பின்வழியாகப் போய் அங்கேயே சட்டைகளை வாங்கி ஒரு அனாதை இல்லத்தில் கொடுத்துவிடுவது. நம் தெரு வழியாக மட்டும் போகவே கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். ஆனால் மேற்படி மரணம் காரணமாக நான் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து பின்தங்கிவிட்டேன், பயல்கள் பரிசுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு குறுக்குவழி என்று நம் தெருவுக்குள்ளேயே நுழைந்துவிட்டார்கள். மூன்றாவது மாடி ஜன்னலில் அம்மா துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அம்மா இடத்தில் நின்று யோசித்துப் பார் அக்கா. கீழே தெருவில் உன் புருஷன் ஏழு பேராக நடந்து வருகிறார்.

நான் முனை திரும்பும்போது அம்மா தெருவில் நின்றிருந்தாள். செருப்பு இல்லை. அப்பா போனதிலிருந்து நம் கட்டடத்து லிஃப்ட் வேறு ஓடவில்லை, மூன்று மாடியும் படியில் ஓடி வந்திருக்கிறாள். நம் ஒட்டகம் இருக்கிறானே, ஆறடி உயரம், என் பக்கத்து பெஞ்சு, அவன் போட்டிருந்த சிவப்புப் பூச்சட்டையின் காலரை எக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கழட்டு."

ஐந்து மாதத்தில் அம்மா வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான்.

"ஆன்ட்டி, உள்ள பனியன் போடல ஆன்ட்டி."

"கழட்டுடா."

"எல்லாரும் பாக்குறாங்க ஆன்ட்டி. வீட்டுக்குப் போயி தோச்சி, மடிச்சி, நானே கொண்டு வந்து..."

"தோச்சேன்னா கொன்னுடுவேன்."

ஒட்டகம் கழற்றினான். அவன் கழற்றியதும் மற்றவர்களும் வரிசையாகக் கழற்றினார்கள். நட்டநடுத் தெருவில் ஏழு பேர் விலா எலும்பை எண்ணும்படி நின்றார்கள், ஒருத்தன் கோப்பையால் மார்பை மறைத்துக்கொண்டான். சிரிக்க வேண்டிய காட்சி. ஒருத்தரும் சிரிக்கவில்லை. அம்மா ஒவ்வொன்றாக வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நீலம் எங்க?"

நீலச் சட்டை உனக்கு ஞாபகம் இருக்கும். பாக்கெட்டில் மை கசிந்து திட்டாக இருக்குமே, உள்பக்கம் அம்மா ஒட்டுப் போட்டிருப்பாளே, அதுதான். கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர் போட்டிருந்தது. அதை என் நண்பன் பூசணிக்குக் கொடுத்திருந்தேன். அந்தத் துரோகி என்ன செய்தான் என்றால், இரண்டு தெரு தள்ளிப் புதிதாக வந்திருக்கும் பழைய சாமான் கடையில் அதைக் கொடுத்து, பதிலுக்கு ஒரு வட்டக் கறுப்புக் கண்ணாடி வாங்கிவிட்டான்.

போனோம். அம்மா முன்னால், தோளில் ஏழு சட்டை, காலில் ஒன்றும் இல்லை. பின்னால் நான், புத்தகப்பையோடு. முன்பு சாவி செய்கிற கடையாக இருந்த இடம் அது. இப்போது டயல் போன், மரப்பெட்டி ரேடியோ, துருப்பிடித்த சைக்கிள் விளக்கு, எல்லாவற்றுக்கும் வின்டேஜ் என்று பெயர். நம் வீட்டுப் பரணில் இருந்தால் அடைசல், அங்கே இருந்தால் அலங்காரம். கடைக்கார அக்காவே கொண்டையைப் பானை மாதிரி தூக்கிக் கட்டிக்கொண்டு பழைய காலண்டரிலிருந்து இறங்கி வந்தவள் போல் இருந்தாள். ஆளுயரக் கண்ணாடிக்குப் பக்கத்தில் தலையில்லாத பொம்மை. அதன் மேல் நீலச் சட்டை.

அம்மா பொம்மைக்கு முன்னால் போய் நின்றாள்.

"புதுசா வந்த சரக்கும்மா. இந்த மாதிரி ஒரே ஒரு பீஸ்தான்."

"தெரியும்" என்றாள் அம்மா.

"அந்த மைக் கறைகூட ஒரிஜினல்மா. இப்ப அதுக்குத்தான் கிராக்கி."

மேல் பொத்தான் போட்டிருந்தது, அம்மா அதைக் கழற்றிவிட்டாள். அப்பா அதைப் போடவே மாட்டார். பிறகு காலரை நீவிவிட்டாள். எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாமா என்று இருந்தது, பேண்ட் இடம் கொடுக்கவில்லை.

அப்போதுதான் கடை டேப்பில் அடுத்த பாட்டு ஆரம்பித்தது. ஒரு பெண் குரல் வந்தது, தனியாக, வாத்தியம்கூட அதிகம் இல்லாமல். ஏதோ கேட்கிற மாதிரி ஒரே ஒரு வரி. அதற்குப் பிறகு ஆண் குரல் வந்ததே, நம் வீட்டு ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு, அப்பா சவரம் செய்துகொண்டே பாடுவாரே, அதே பாட்டு! அம்மா விருட்டென்று திரும்பினாள்.

"யாரு அந்தப் பொம்பள?"

"எந்தப் பொம்பளம்மா?"

"முதல்ல பாடினாளே. அவளை யாரு சேத்தது? இந்தப் பாட்டுல பொம்பளையே கிடையாது."

"ஐயோ, இது டூயட்மா. ஒரிஜினல் கேசட்டு."

"என்ன ஒரிஜினலு? எங்க வீட்டுல முப்பது வருஷமா ஓடுது. அவரே பதிவு பண்ணினது. ஆம்பள மட்டுந்தான் பாடுவான்."

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. உனக்கும் இந்நேரம் புரிந்திருக்கும். அப்பாவின் வேலை விதி என்ன? கதவு முழுசாகச் சாத்தியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பட்டன். ரேடியோவில் அறிவிப்பாளர் பேசி முடித்துவிட்டாரா, இன்னும் ஏதாவது சொல்வாரா என்று உறுதி செய்துகொண்டுதான் பதிவுப் பட்டனையும் அமுக்குவார். அதற்குள் பாட்டு ஒரு வரி போயிருக்கும். நம் வீட்டில் இருக்கும் நூற்றுப் பத்து பாட்டில் ஒன்றுக்கும் தலை கிடையாது, அந்தப் பொம்மை மாதிரி. நமக்கெல்லாம் பாட்டு என்றாலே இரண்டாவது வரியில் தொடங்குவதுதான். இதை நான் சொன்னதும் அம்மா என்னைப் பார்த்தாள், டேப்பைப் பார்த்தாள்.

"அப்ப அவ கேக்குறாளா? அதுக்குத்தான் இவன் பதில் சொல்றானா?"

"ஆமாம்மா."

"நான் அவன் தனியா பொலம்புறான்னு இல்ல நெனச்சேன்" என்றாள் அம்மா. கடைக்கார அக்காவிடம், "இன்னொரு தடவ போடும்மா" என்றாள். நான்கு தடவை போட்டாள் அந்தப் புண்ணியவதி. நான்காவது தடவை அந்த முதல் வரியை அம்மா கூடவே சொல்லிப் பார்த்தாள், பாடவில்லை, சும்மா கேட்கிற மாதிரி சொன்னாள். பிறகு பதில் வந்தது. கடைக்கார அக்கா கொண்டையைச் சரிசெய்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள். நான் கூரையில் எத்தனை விளக்கு என்று எண்ணினேன். ஆறு.

சட்டையைக் கழற்றித் தரட்டுமா என்று கடைக்கார அக்கா கேட்டாள். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இருக்கட்டும். நல்லா நிக்குது" என்றாள். கேட்டாயா? விட்டுவிட்டாள்! தானாகவே விட்டுவிட்டாள்! வீடு வரைக்கும் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள், முழுசாக, மூச்சு விடாமல், பழைய மாதிரி. அறிவிருக்காடா என்றாள், எருமை என்றாள். காதில் தேன். ஆக, டாக்டரால் முடியாததை, உன்னால் முடியாததை, ஒரு கிழிந்த பேண்டோடு உன் தம்பி சாதித்துக் காட்டினேன். அம்மா குணமாகிவிட்டாள். வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், சமையலும் நானே. ஆகவே டிக்கெட்டை ரத்து செய்துவிடு, விடுதிக்காரர்களுக்கும் என் வருத்தத்தைத் தெரிவித்துவிடு.

மாமாவுக்கு என் வணக்கம், அவர் வழுக்கைக்கு என் அனுதாபம். நீ நீண்ட ஆயுளும் குறைந்த கோபமும் பெற்று வாழ, வயதில் சின்னவன் என்பதையும் மறந்து ஆசீர்வதிக்கும்,

உன் தம்பி
(குடும்பத் தலைவர், பொறுப்பு)

பின்குறிப்பு: மேலே எழுதியதைக் கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன், கை வரவில்லை. பூசணி பாவம், அவனுக்கு அன்று காய்ச்சல், பள்ளிக்கே வரவில்லை. நீலச் சட்டையை வியாழக்கிழமையே கடையில் கொடுத்தது நான். கறுப்புக் கண்ணாடி என் பையில்தான் இருக்கிறது. அனாதை இல்லம் கினாதை இல்லம் எல்லாம் இப்போது எழுதும்போது தோன்றியது. எனக்கு அந்தச் சட்டைகளைப் பார்க்க முடியவில்லை, கண்ணில் படாமல் போனால் போதும் என்று இருந்தது, அவ்வளவுதான். அம்மா திட்டியதும் அந்த ஒரு நாள்தான். சனிக்கிழமையிலிருந்து தினமும் கடை திறக்கும்போதே போய்விட்டாள், பொம்மைக்கு எதிரே நின்றாள், கடைக்கார அக்கா ஸ்டூல் போட்டு உட்கார வைத்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை அந்த அக்கா சாப்பிடப் போன நேரத்தில் யாரோ ஒரு காலேஜ் பையன் வந்து, உதவிக்கு இருக்கும் பெண்ணிடம் சட்டையை வாங்கிக்கொண்டு போய்விட்டான். அம்மா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள், ஒன்றும் சொல்லவில்லையாம். அன்றிலிருந்து "ம்" கூட இல்லை. நான் சமைப்பதைச் சாப்பிடுவதில்லை, அதில் அவள் தப்பு எதுவும் இல்லை, என்னாலேயே சாப்பிட முடியவில்லை. நேற்றும் இன்றும் தண்ணீர் மட்டும் குடித்தாள். டிக்கெட்டை ரத்து செய்யாதே. பன்னிரண்டாம் தேதி வரைக்கும் காத்திருக்காதே, இது கையில் கிடைத்த உடனே கிளம்பி வா. விடுதி என்றால் விடுதி, போகிறேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் என் குரல் இப்போது உடைகிற வயசு, நடுவில் என்ன சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. நான்தான் கூப்பிட்டேன் என்று மட்டும் மாமாவிடம் சொல்லாதே.