கூரைத் திருப்பணி

குற்றாலத்தில் ஆவுடைநாயகத்தின் காப்பி கிளப்பில் அன்றைக்குச் சாம்பார் ஊற்ற ஊற்றக் குறையவே இல்லை. குரங்குகள் ஓட்டைப் பெயர்த்துப் போட்டிருந்த இடம் நேராகச் சாம்பார் வாளிக்கு மேலே. வெளியே நல்ல சாரல்.

மகள் கல்யாணத்துக்காகக் கிளப்பை விற்கப் பேச்சு முடிந்திருந்தது. பாவூர்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருந்த சங்கரபாண்டி வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். கூரை ஒழுகக்கூடாது என்பது ஒன்றுதான் அவருடைய நிபந்தனை. விற்கப்போகிற கட்டிடத்துக்குக் கைக்காசைப் போட்டு ஓடு மாற்ற ஆவுடைநாயகத்துக்கு மனசு வருமா? ஊரில் வசூல் செய்துவிடுவது என்று முடிவு கட்டினார்.

"லாபம் பாக்குத கடைக்கு எவன் காசு போடுவான்?" என்று கேட்டாள் மனைவி குழல்வாய்மொழி.

அது நியாயமாகத்தான் பட்டது. ஆகவே கடை என்ற பேச்சையே எடுக்காமல், ஒரு பித்தளைக் குடத்தின் வாயில் மஞ்சள் துணியைக் கட்டி, 'கூரைத் திருப்பணி நிதி' என்று எழுதி, கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வருகிறவனுக்கு மஞ்சள் துணியைக் கண்டால் போதும், கை தானாக மடிக்குப் போய்விடும். சீக்கிரமே புது ஓடு வந்து இறங்கியது.

ஆனால் காசு போட்டவர்கள் நகரவில்லை. விபூதிக்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லி மாளாமல் ஒரு தட்டில் விபூதி வைத்தார். பூசியவர்கள் அடுத்தபடியாகப் பிரசாதம் கேட்டார்கள். வாய்ச்சண்டை எதற்கென்று ஆளுக்கு ஒரு கரண்டி சுண்டல் கொடுக்கச் சொன்னார். வந்தவர்கள் சுண்டலைத் தின்று, தண்ணீரைக் குடித்து, இட்லியைத் திரும்பியும் பார்க்காமல் போனார்கள். வியாபாரம் படுத்துவிட்டது.

பயந்துபோய்க் குடத்தை எடுத்து உள்ளே வைத்தார். சாமி குத்தம் வந்துவிடும் என்று சீசனுக்கு வந்த பெண்கள் சத்தம் போட்டதில் மறுபடியும் எடுத்து வெளியே வைக்க வேண்டியதாயிற்று.

சில்லறைக் கூட்டத்தை ஒழிக்க ஒரே வழி, பெரிய கைகளைப் பிடிப்பது. கணிசமாகக் கொடுக்கிறவர் பெயர் 'உபயம்' என்று பெயிண்டில் எழுதப்படும் என்று அறிவித்தார். அதில் வந்தது பாருங்கள் வினை. முகட்டு ஓட்டுக்குப் பணம் கொடுத்த கடையம் நாறும்பூநாதனும், பெஞ்சு வாங்கிக் கொடுத்த சிவகிரி சுடலைமாடனும் ஒரே காலையில் வந்து உட்கார்ந்தார்கள். இருவருக்கும் முதல் மரியாதை வேண்டுமாம். காப்பி கிளப்பில் முதல் மரியாதை என்றால் முதல் தோசைதானே.

"முகட்டு ஓடு என் உபயம். மொத தோச எனக்குத்தான் வரணும்," என்றார் நாறும்பூநாதன்.

"நீரு என்ன முகட்டுலயா உக்காந்து திங்கப் போறீரு? பெஞ்சு என் உபயம்வே," என்றார் சுடலைமாடன்.

நடுவில் மாஸ்டர் குத்தாலிங்கம் தோசையைக் கரண்டியில் ஏந்திக்கொண்டு நின்றான். "அண்ணாச்சி, ஆறிப்போவுது. யாருக்குன்னு சொல்லுங்க."

ஒருவருக்குத் தோசை, மற்றவருக்கு மாலை. மறுநாள் மாற்றிக்கொள்ளலாம் என்று ஆவுடைநாயகம் தீர்ப்புச் சொன்னார். தோசை வேகும்போது தெரியட்டும் என்று நாறும்பூநாதன் ஒரு வெண்கல மணியும் வாங்கி மாட்டினார். மணிச்சத்தம் கேட்டுத் தெருவில் போனவர்களெல்லாம் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தார்கள்.

ஆவுடைநாயகத்துக்கு அழுகையே வந்துவிட்டது. போகட்டும், கூரை சரியாகிவிட்டது. இனி இந்தப் பாடெல்லாம் வாங்குகிறவன் பாடு என்று மனசைத் தேற்றிக்கொண்டு சங்கரபாண்டிக்குச் சொல்லியனுப்பினார்.

அவர் மனைவி பாலம்மாளுடன் வந்தார். அன்றும் சாரல். அண்ணாந்து பார்த்தார், ஒரு சொட்டு விழவில்லை. கூட்டத்தைப் பார்த்தார், நிற்க இடமில்லை. முகமெல்லாம் சிரிப்பாக, வெற்றிலைத் தட்டில் முன்பணத்தை வைத்து ஆவுடைநாயகத்தின் பக்கம் நகர்த்தினார். மகளுக்குத் தாலியே கட்டியாகிவிட்டதுபோல அவரும் இரண்டு கையையும் நீட்டினார்.

பாலம்மாள் குடத்தில் ஒரு காசைப் போட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நெற்றியில் விபூதியைப் பூசினாள். பிறகு வெற்றிலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, புருஷனிடம் மெதுவாகச் சொன்னாள்:

"நமக்குப் பிள்ளகுட்டி இருக்கு. கோயில் சொத்து வேண்டாம், எந்திரிங்க."